அன்று என் காதில் இருந்ததைப் பற்றி

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முன்பு நான் கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது இருபத்தேழு. உயிர்வேதியியலில் பட்டம் பெற்றவள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, இப்போது பிரசவ விடுப்பு. ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். நேரமாகிவிட்டது, காலையில் வாருங்கள் என்று காவல் நிலைய எழுத்தர் சொன்னார். காலை வரை இந்த மனம் இப்படியே நிற்குமா என்று எனக்கு நிச்சயமில்லாததால் இப்போதே எழுதுகிறேன்.

துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் நடந்த சம்பவம் பற்றி நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. ஒரு பொருளை மறைத்தும் இருக்கிறேன்.

அந்தக் கூடம் நான்கு தடங்கள் உள்ள மூடிய கட்டடம். சுடுகிற இடத்தில் மட்டும் தடத்துக்குத் தடம் ஆள் உயரத்துக்கு மரத்தடுப்பு உண்டு, அதனால் அங்கிருந்து பக்கத்துத் தடம் தெரியாது. புகையை இழுக்கும் பெரிய விசிறி எப்போதும் ஓடும். கூடத்தின் பொறுப்பாளர் எல்லாவற்றையும் குரலால்தான் நடத்துவார். அவருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். நேரிலேயே வெண்கலம் சார் என்றுதான் கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார். காயம்பட்டவர் வங்கியில் காசாளர், எனக்கு அடுத்த தடத்தில் சுடுபவர். அவரை அக்கா என்பேன். "இவரு ஒரு சத்தம் போட்டா கிளம்பின தோட்டாவே பயந்து திரும்பி வந்துரும்டி" என்று அக்கா சொல்வார்.

எதிரில் மாட்டிய, குறி வட்டம் அச்சிட்ட தாளை மாற்ற வேண்டிய நேரத்தில் பொறுப்பாளர் "நிறுத்து" என்று உரக்கச் சொல்வார். நாங்கள் குண்டு போடும் இடத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, தலையசைக்க வேண்டும். எல்லோர் காதும் அடைத்திருக்கும் என்பதால் அங்கே தலையசைப்பதுதான் பதில். ஒவ்வொருவர் தலையசைப்பையும் பார்த்த பிறகே கையை உயர்த்தி முன்னே போகச் சொல்வார். அதன் பிறகு அவர் மறுபடி சொல்லும் வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. நான் அங்கே சேர்ந்த நாளில் இருந்து இதில் ஒரு முறைகூடத் தவறு நடந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுடுகிறேன். அப்போதெல்லாம் காதுக்குள் ஸ்பாஞ்ச் அடைப்பு, அதன் மேல் பெரிய காதுமூடி, இரண்டும் போடுவேன். மூடிய கட்டடத்தில் ஒன்று போதாது. பிரசவத்துக்குப் பிறகு திரும்பிப் போனபோது காதுமூடி எனக்கு ஒத்துவரவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்ததும் அதன் விளிம்பு கட்டையில் இடித்து நகர்ந்தது, நகர்ந்த இடைவெளி வழியே வெடிச்சத்தம் உள்ளே வந்தது. காதுமூடியை விட்டு வேறு அடைப்பு தேடியதற்கு இது உண்மையான காரணம்தான். எல்லோரிடமும் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன்.

சொல்லாத காரணம் இது. திரும்பிப் போக ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் குழந்தைக்குப் பால் புரையேறியது. என் மாமியார் மறுபடி மறுபடி போன் செய்திருக்கிறார்; போன் பைக்குள் இருந்தது. வெளியே வந்து பார்த்துவிட்டு, காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினேன். குழந்தை மாமியார் மடியில் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தது. "ஏம்மா இப்படி இரைக்க இரைக்க வர்ற, எல்லாம் சரியாயிடுச்சு" என்றார். அதன் பிறகு ஸ்பாஞ்சு காதுக்குள் உப்பி வெளிச்சத்தம் அடங்கியதும் எனக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்படி ஒரு சத்தம் இல்லை என்பது தெரியும். தெரிந்தும் எழுந்து எழுந்து வெளியே போய்ப் போனைப் பார்ப்பேன். "உடம்பை இங்க கொண்டாந்துட்டு காதை வீட்லயே வச்சிட்டு வர்றியேம்மா" என்று வெண்கலம் சார் ஒரு நாள் கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

அதன் பிறகு விளையாட்டு உபகரணக் கடைக்குப் போய் காதுக்குள் போடும் அடைப்புகளைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முதலில் ஸ்பாஞ்ச் அடைப்பை எடுத்தார். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலே தூக்கிப் பிடித்து உள்ளே விட்டு, உப்பும் வரை பிடித்திருக்க வேண்டும். அது எனக்குப் பழக்கம். பிறகு காது அளவுக்கு அச்சு எடுத்துச் செய்யும் ரப்பர் அடைப்பைப் பற்றிச் சொன்னார், செய்து வர நாளாகும் என்றார். கடைசியாக ஒரு சிறிய பெட்டியைத் திறந்தார். அதில் பேட்டரியில் வேலை செய்யும் ஒரு ஜோடி. வெடிச்சத்தத்தை அமுக்கிவிடும், சாதாரணப் பேச்சை உள்ளே விடும் என்றார்.

"சாதா அடைப்பைப் போட்டா மாமியார் பேசுறதுகூடக் கேக்காதும்மா, நிறைய பேரு அதுக்காகவே வாங்குறாங்க" என்று சிரித்தார். எனக்கு மாமியார் பேசுவதுதான் கேட்க வேண்டும் என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிறகு போனோடு இணைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் அது நடைப்பயிற்சிக்குப் போகும்போது பாட்டுக் கேட்க, சுடும்போது இணைப்பை அணைத்துவிட வேண்டும், போன் பேச்சு ஓடினால் வெளிச்சத்தம் குறைந்துவிடும் என்று தெளிவாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் கேட்டேன். கடைக்காரர் மேல் எந்தக் குறையும் இல்லை. அதன் நுனியில் மாட்டும் சின்ன, நடுத்தர, பெரிய ரப்பர் குமிழ்கள் மூன்றையும் போட்டுப் பார்த்து, வலது காதுக்குச் சின்னதும் இடதுக்கு நடுத்தரமும் சரியாக உட்கார்ந்ததும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வெண்கலம் சார் அதைப் பார்த்து என்ன என்று கேட்டார். பேச்சை உள்ளே விடும் அடைப்பு என்றேன். என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் கூடத்தின் மறுமுனையில் இருந்து, அவருக்கு வராத மெல்லிய குரலில், "பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருச்சா?" என்று கேட்டார். கேட்டது. ஒன்று முளைத்திருக்கிறது சார் என்றேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். "இந்தக் கூடத்துலயே இனி நீதாம்மா எனக்கு நல்லாக் காது கேக்கிற ஆளு" என்றார். போனைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அழுதால் உடனே கூப்பிடும்படி மாமியாரிடம் சொல்லி வைத்தேன். நான் தொடாமலே போன் பேச்சு இணைகிற மாதிரி அமைத்துக்கொண்டேன்; பேசுவதற்கு அடைப்பிலேயே மைக் இருந்தது. முதல் நாள் விசிறி இரைச்சலில் மாமியார் குரல் சரியாகக் கேட்கவில்லை. ஆகவே போன் பேச்சு வரும்போது வெளிச்சத்தம் முற்றிலும் நின்றுவிடும்படி நானே மாற்றி வைத்தேன். இது தானாக நடந்ததல்ல. என் விரலால் செய்தேன்.

சம்பவ நாளன்று மதியம் கூடத்தில் நான், அக்கா, வெண்கலம் சார் ஆகிய மூன்று பேர் மட்டும் இருந்தோம். ஒரு குண்டு சுட்டு, போல்ட்டைத் திறந்து வெற்றுக்கூட்டை வெளியே தள்ளியபோது போன் இணைந்தது. குழந்தை அழுதது. துப்பாக்கியை மேசையில் வைத்தேன். பொறுப்பாளர் "நிறுத்து" என்று சொன்னது அந்த நேரமாகத்தான் இருக்க வேண்டும். எனக்குக் கேட்டது குழந்தையின் அழுகையும் மாமியாரின் தாலாட்டும் மட்டுமே. அதன் பிறகு மாமியார், "பசிதாம்மா போல, எடுத்து வச்சிட்டுப் போன பாலைக் கொடுத்துடவா?" என்றார். எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்வதுபோல் தலையசைத்தேன். பிறகுதான் அவருக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, கொடுங்கள் என்று வாய்க்குள் சொன்னேன். வெண்கலம் சார் என் துப்பாக்கி மேசையில் இருப்பதையும், போல்ட் திறந்திருப்பதையும், நான் தலையசைப்பதையும் பார்த்தார். ஒரு பொறுப்பாளர் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் அவர் பார்த்தார். அதன் பிறகு கையை உயர்த்திவிட்டுப் புதுத் தாள்களை எடுக்கப் பின்பக்கம் திரும்பியிருக்கிறார். அக்கா எப்போதும் ஸ்பாஞ்ச், காதுமூடி இரண்டும் போடுபவர், அந்தக் கையைப் பார்த்துத்தான் போனார்.

குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு மனம் லேசாகிவிட்டது. அடுத்த குண்டைப் போட்டேன். துப்பாக்கியின் பார்வைத் துளை வழியே பார்த்தால் கறுப்பு வட்டம் மட்டும்தான் தெரியும், இடது கண்ணுக்கு மறைப்பு உண்டு. அக்கா தன் தாளை எடுத்துக்கொண்டு, எனக்கு நடை மிச்சமாகட்டும் என்று என் தாளையும் எடுக்கப் பக்கவாட்டில் கை நீட்டியிருக்கிறார். நான் விசையை இழுத்த பிறகுதான் வட்டத்தின் மேல் அந்தக் கை தெரிந்தது. தோட்டா வலது மணிக்கட்டுக்கு மேல் பாய்ந்தது. அக்கா கத்தினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். என் காதில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வெண்கலம் சார் தன் சட்டையைக் கழற்றி அக்காவின் கையைக் கட்டினார், ஆம்புலன்சுக்குச் சொன்னார். அந்த நேரத்தில் நான் செய்தது இதுதான்: காதில் இருந்தவற்றைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, குழந்தையின் மாற்றுத் துணி வைக்கும் பைக்குள் வைத்தேன். அந்தப் பையில் கிடந்த பழைய ஸ்பாஞ்ச் அடைப்புகளை எடுத்து மேசையில் போட்டேன். காவலர்கள் அவற்றைத்தான் எடுத்துப் போனார்கள்.

விசாரித்த அதிகாரியிடம், நிறுத்தச் சொல்லி யாரும் குரல் கொடுக்கவில்லை என்று சொன்னேன். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லவில்லை. நான் போட்டிருந்தது பேச்சு கேட்கும் அடைப்பு என்று வெண்கலம் சார் சொன்னார். மேசையில் இருந்தது ஸ்பாஞ்சு, அதனால் யாரும் அவரை நம்பவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றியபோது, "நீ தலையாட்டினியேம்மா, நான் பாத்தேனே" என்றார். அதட்டலாக இல்லை. என்னிடம் எதையோ சரிபார்த்துக்கொள்வது போலக் கேட்டார். நான் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போக வேண்டும் என்று காவலரிடம் சொன்னேன்.

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாப்பாவை நினைச்சுப் பாரு. நீ உள்ள போயிட்டா அது யாருகிட்ட இருக்கும்? அவரு வக்கீல் வச்சு வெளிய வந்துடுவாரு, நீ வாயைத் திறக்காத" என்றார். நானும் திறக்கவில்லை. அக்காவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது, இரண்டு விரல்கள் மடங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாகத் தெரிந்துகொண்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை.

இன்று மாலை பால் புட்டியைக் கழுவிக்கொண்டே மாமியார், அந்த சாரை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்காக என்றேன்.

"சொன்னாரேம்மா" என்றார். "எனக்கே கேட்டுச்சே, ஸ்பீக்கர்ல போட்டிருந்த போன்ல. அந்தச் சத்தத்துல பாப்பா திடுக்குன்னு தூக்கிப்போட்டு அழுகையைக்கூட நிறுத்திடுச்சு. அதுக்கப்புறம்தானே பால் கொடுக்கவான்னு உன்னைக் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குழாயை மூடினார். "நீ அவங்ககிட்ட என்னம்மா சொல்லி வச்சிருக்க?" என்று கேட்டார். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அவரையும் சாட்சியாக விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வருவார்.

நிலையத்தின் வாசல் பெஞ்சில் வெண்கலம் சாரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. நகர்ந்து இடம் கொடுத்தார். என் உடையில் பால் கசிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தையா? போய்ப் பாத்துட்டு வாங்கம்மா, இங்க எப்பக் கூப்பிடுவாங்கன்னு சொல்ல முடியாது. கூப்பிட்டா நான் சொல்லி வைக்கிறேன், உங்க பேர் என்ன?" என்றார். பெயரைச் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

சம்பவத்தின்போது நான் போட்டிருந்த அடைப்புகளைப் பெட்டியோடும், போனையும், இத்துடன் ஒப்படைக்கிறேன். போன் அமைப்பு எதையும் மாற்றவில்லை. என் முதல் வாக்குமூலத்தில் பொறுப்பாளரைப் பற்றி நான் சொன்னது உண்மையல்ல. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார், பார்க்க வேண்டியதைப் பார்த்தார். அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பத்திக்கு மேலே அடித்திருக்கும் இரண்டு வரிகளை அடித்தவள் நானே, பக்கத்தில் சிறு கையெழுத்தும் இட்டிருக்கிறேன். என் குழந்தை தாய்ப்பால் குடிப்பதால் என்னிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். அது வேண்டுமானால் தனி விண்ணப்பமாக எழுதலாம், வாக்குமூலத்தில் சேராது என்று எழுத்தர் சொன்னார். அதற்கும் ஒரு தாள் கொடுத்தார். அந்தத் தாளை எழுதாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதில் உள்ளவை யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியவை அல்ல, நடந்தது நடந்தபடி நானே எழுதியவை. முழுவதும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, சரியென்று கண்டு, எழுத்தர் முன்னிலையில் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)