எரியாத மருந்து

கதைப் புத்தகம் படிக்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. வெற்றிலை போடுவதுபோல அதுவும் ஒரு பழக்கம்; வாய் சிவக்காது, அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவனுக்கு அது போதும்.

என் பெண்டாட்டி ஏலவார்குழலி எட்டாவது வரை போனவள். உடலையும் கரையையும் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் நான், வலப்பக்கம் அவள். நாற்பத்தாறு வருஷம் அப்படியே உட்கார்ந்தோம். தறியை விட்டு எழுந்தால் அவள் கையில் ராஜா ராணிக் காதல் கதை இருக்கும். சின்ன காஞ்சிபுரத்து வத்ஸலா டீச்சர் கொடுப்பது. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். இப்போது வயசுப் பெண்களும் இதையேதான் போனில் படிக்கிறார்களாம்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒன்றை எடுத்து விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். பாலாற்று வெள்ளத்தில் இளவரசன் குதிரையை நீந்த விடுகிறான். நான் பார்த்த பாலாற்றில் மணல் லாரிதான் போனது. இளவரசி பட்டுச் சேலையோடு குளத்தில் விழுகிறாள், சாயம் இறங்கவில்லை. நூறு பக்கத்துக்குள் ஒன்பது சேலை மாற்றினாள். நெய்தவன் ஒருத்தன்கூட அந்தத் தேசத்தில் இல்லை. இளவரசனுக்குப் பல் வலிக்காது, வயிறு கட்டாது, வேர்த்தால் சந்தனம் மணக்கும்.

ஒருநாள் குழலி படித்துக்கொண்டே அழுதாள். டீச்சரும் பக்கத்தில் இருந்தார்.

“யாருடி செத்தது?” என்று கேட்டேன்.

“யாரும் சாகலீங்க. கட்டிக்கிறியான்னு அவன் கேட்டான். அவ வேணாம்னுட்டா. சரி, உன் இஷ்டம்னு சொல்லிட்டுப் பன்னண்டு வருசமா காத்துக்கினு இருக்கிறான்.”

“வேல வெட்டி இல்லாத பையன்.”

“ராஜாங்க அவன். ராஜாவே கேக்குறான், உனக்கு இன்னா வேணும்னு. நாப்பத்தாறு வருசத்துல நீங்க என்னிய ஒரு வார்த்த கேட்டதில்ல.”

“தண்ணி கொண்டான்னு தினம் கேக்குறனே.”

டீச்சர் சிரித்தார். குழலியும் சிரித்தாள். சிரித்ததை நான் மறந்திருப்பேன். ஆனால் அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொருத்தன் பக்கத்தில் நிறுத்தி அளப்பதுபோல இருந்தது. அவன் செத்தவன்கூட இல்லை, பிறக்காதவன். அவனோடு நான் எந்தத் தெருவில் நின்று சண்டை போடுவது? புத்தகத்தை ஒளித்து வைத்தேன். டீச்சர் வேறு கொடுத்தார். ஒன்றை அடுப்பில் வைத்தேன். அதற்கும் வேறு கொடுத்தார். தீராத அளவுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வருஷம்தான் குழலிக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடச் சொல்லி அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் என்னிடம்தான் விவரம் சொன்னார்.

“காலையும் சாயந்திரமும் இந்த மருந்தப் போடணும் பெரியவரே, ஆயுசுக்கும். போட்டா இருக்கிற பார்வை நிக்கும். நிறுத்தினா போயிடும். போனது எந்த ஆபரேஷன்லயும் திரும்ப வராது.”

டாக்டர்கள் சொல்வதை நான் லேசில் நம்புகிறவன் இல்லை. இதை நம்பினேன்.

அவளாகப் போட்டுக்கொண்டால் மருந்து கன்னத்தில்தான் வழியும். அதனால் நான் போட்டேன். எரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “மெதுவாங்க” என்பாள். மூன்று மாதம் அப்படிப் போனது. அதன் பிறகு மருந்தைக் கொட்டிவிட்டு அந்தக் குப்பியில் தண்ணீர் நிரப்பினேன். கண்ட தண்ணீர் இல்லை. காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டியது. கண் விஷயத்தில் அசுத்தம் கூடாது. மாதம் தவறாமல் புதுக் குப்பியும் வாங்கினேன். மருந்துக் கடைக்காரன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

தண்ணீர் போட்ட முதல் நாள், “எரியுதா?” என்று கேட்டேன். அவள் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள்.

“இல்லீங்க. இன்னிக்கு உங்க கைக்கு எரியவே இல்ல” என்றாள். பிறகு வெட்கப்பட்டாள், அறுபத்தைந்து வயசில்.

அதிலிருந்து இரண்டு வேளையும் கேட்பேன். இரண்டு வேளையும் வெட்கப்படுவாள். தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். மறுபடி காட்ட வரச் சொன்ன தேதி வந்தபோது, “எரிச்சலே நின்னுபோச்சு, எதுக்கு வீணா அலையணும்” என்று அவளேதான் சொன்னாள். டீச்சர் ஒருநாள், “உங்காத்துக்காரர் கதையில வர்ற ராஜகுமாரனாட்டம் ஆயிட்டாரே, குழலி” என்றார். நான் தறியிலிருந்து தலை நிமிரவில்லை. ஆனால் காதில் விழுந்தது.

ஒன்றரை வருஷம் ஆனது. முதலில் பக்கத்தின் ஓரம் மறைகிறது என்றாள். பிறகு வரி மறைந்தது. வலக்கண் முழுக்கப் போன பிறகு கோர்வையை விட்டுவிட்டு, ஒற்றை ஆள் நெய்கிற சேலைக்கு மாறினேன். எனக்கும்தான் கஷ்டம், அதை யாரும் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். “மருந்து ஒழுங்காப் போட்டீங்களா?” என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் குழலி முந்திக்கொண்டாள்.

“ஒரு வேள தப்பினது இல்ல சார். சாவு வீட்டுக்குப் போனாக்கூட நேரத்துக்கு வந்து போட்டுட்டுத் திரும்பப் போவாரு.”

அது நிஜம். முசரவாக்கத்தில் என் கூட்டாளி ஒருத்தன் செத்தபோது சைக்கிளில் வந்து போட்டுவிட்டுத்தான் பிணம் எடுக்கப் போனேன்.

இப்போது நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். டீச்சருக்கு எதற்குச் சிரமம் என்று அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம். இளவரசன் இளவரசியிடம் எதையாவது கேட்கிற இடம் வந்தால் தாண்டிவிடுவேன்.

“இங்க அவன் ஒண்ணு கேப்பானே” என்பாள் குழலி.

“அச்சுல இல்ல.”

“அப்பிடியா” என்பாள்.

இடக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறது. இதையாவது காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் போன வாரம் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எழுத்துதான் இனித் தெரியாதே, மனுஷ முகமாவது தெரியட்டும் என்று அந்த மருந்தையே போட்டேன். குழலி துடித்துப்போனாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாங்க, இன்னிக்கு யார்மேல கோவம்?” என்றாள்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அந்தக் குப்பியிலும் தண்ணீரை நிரப்பிவிட்டேன். அவளுக்கு ஒரு வலி என்றால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.