நிலைப்படியில் கிடந்த கட்டை

— என்னது அது, வெடி வெடிச்ச மாதிரி?

— கதவு, அத்தை. அடிச்சுச் சாத்திக்கிச்சு.

— சாத்தினா திறங்க, மாப்பிள்ளை. பாப்பாவோட பூட்ஸ் கிடைச்சாச்சு, நான் கிளம்பறேன். இந்தப் பால்கனியில மனுஷன் நிப்பானா?

— திறக்க முடியாது.

— என்ன? இந்தப் பிட்காயின் மிஷின் போடற கூச்சல்ல ஒண்ணும் கேக்கல. கத்திச் சொல்லுங்க!

— திறக்க முடியாதுன்னேன்! உள்பக்கக் கைப்பிடி கீழ விழுந்து பூட்டிக்கிச்சு! இந்தப் பக்கம் கைப்பிடியே கிடையாது!

— கைப்பிடி எப்படித் தானா விழும்?

— மூணு மாசமா லூசாகி ஆடிக்கிட்டிருக்கு. உங்க பொண்ணு எர்ஜெனா சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான் பாத்துக்கறேன்னேன்.

— நீங்க பாத்துக்கறேன்னு சொன்னதை எல்லாம் மூட்டை கட்டிப் போட்டா அங்காரா ஆத்துக்கு இன்னொரு அணையே கட்டலாம்.

— அத்தை, இப்ப அது வேணாம். இங்க நிலைப்படி மேல ஒரு மரக்கட்டை வச்சிருந்தேனே, எங்க போச்சு?

— அதுவா? நான்தான் எடுத்து ஓரமா வச்சேன்.

— ஏன்?

— ஏனா? நல்லா இருக்கே கேள்வி! நிலைப்படிய மிதிச்சா வீட்டுக்காரன் கழுத்த மிதிச்ச மாதிரின்னு உங்க வீட்ல சொல்லித் தரல? நீங்களும் நம்ம புரியாத் இனத்துக்காரர்தானே? மாப்பிள்ளை கழுத்துல இவ்வளவு பெரிய கட்டை கிடக்கேன்னு பாவப்பட்டு எடுத்தேன்.

— அந்தக் கட்டைதான் அத்தை இந்தக் கதவைப் பிடிச்சு வச்சிருந்தது!

— கதவைப் பிடிக்கக் கட்டை எதுக்கு? காத்தா அடிக்குது?

— மிஷினோட விசிறிதான் காத்து. இன்னிக்கு மைனஸ் முப்பத்தாறு. இவ்வளவு குளிர் சும்மா கிடைக்குதே, விடுவானேன்னு மிஷினை ஓவர்கிளாக் பண்ணி விட்டேன். வழக்கத்தை விட வேகமா ஓட வைக்கிறது. இப்பதான், சமையக்கட்டுல நின்னு போன்ல தட்டினேன். நீங்க இந்தப் பால்கனிப் பரண்ல கை எட்டலைன்னு கூப்பிட்டீங்க, வந்துட்டேன். வேகம் ஏறினா சூடு ஏறும். சூடு ஏறினா விசிறி வெறி பிடிச்ச மாதிரி சுத்தி, பால்கனிக் காத்தை எல்லாம் வெளிய தள்ளும். அப்போ ரூம் காத்து இந்தப் பக்கம் பாயும், கதவையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்துடும்.

— ஆக, கதவைச் சாத்தினது உங்க மிஷின். பழி என் மேல.

— பழி சொல்லல, அத்தை.

— சொல்லாமலே தெரியுது. சரி சரி, நான் வாயத் திறக்கல. போன் பண்ணுங்க, யாருக்காவது.

— போன் சமையக்கட்டுல. உங்களது?

— கோட்டுல. கோட்டு வாசல்ல தொங்குது. மேல இந்தக் கம்பளிச் சால்வை ஒண்ணுதான். நீங்க என்னன்னா வீட்டுச் செருப்பும் பனியனுமா நிக்கிறீங்க. ஐயோ, உதடு இப்பவே நீலமா ஆகுதே!

— பதறாதீங்க. நான் பாத்துக்கறேன்.

— இதுக்கு அந்தக் கட்டையால என் மண்டையில ஒரு போடு போட்டிருக்கலாம்.

— கீழ்வீட்டு யெஃபீம் ஐயா இருப்பார். இந்த இரும்புக் குழாயில தட்டறேன், அவர் வீட்டுச் சுவர்ல கேக்கும். இருங்க.

— நல்லா ஓங்கித் தட்டுங்க!

— ...கேட்டுச்சா? திருப்பித் தட்டறார்!

— ஆமா, ஆமா, தட்டறார்! மனுஷன் நல்லா இருக்கணும். மேல வருவாரா?

— ...வர மாட்டார்.

— ஏன்?

— அவர் எப்பவும் இப்படித்தான் தட்டுவார். மிஷின் சத்தம் தாங்காம. 'நிறுத்துடா கழுதை'ன்னு அர்த்தம்.

— அப்ப இன்னும் ஓங்கித் தட்டுங்க, ஆபத்துன்னு புரியட்டும்.

— இனி கேக்காது. ரெண்டு தட்டு தட்டிட்டுக் காதுமூடிய மாட்டிக்கிட்டுப் படுத்துடுவார். ஆலையில போடறது, குண்டு வெடிச்சாலும் கேக்காது.

— அவருக்கு ஏது ஆலைக் காதுமூடி?

— நான்தான் குடுத்தேன். போலீஸுக்குப் போறேன்னு நின்னார். சமாதானமாப் போகட்டுமேன்னு...

— போதும். போதும், மாப்பிள்ளை. எனக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா பல்லு கூசுது. அந்த ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடிய உடைங்க. போயிடலாம்.

— உடைக்கக் கூடாது.

— ஏன் கூடாது? உங்க கண்ணாடிதானே?

— கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பா கட்டில், அத்தை. உடைச்சா இந்தக் குளிர் நேரா துயானா தலையணையில போய் உக்காரும். மூணடுக்குக் கண்ணாடி, அளவெடுத்துச் செஞ்சு வரணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எவன் வருவான்? திங்கள் வரைக்கும் குழந்தை எங்க படுக்கும்? போன மாசம்தான் நெஞ்சுச் சளி வந்து கிடந்தா. அம்மம்மா நீங்களே இப்படிச் சொல்லலாமா?

— ...

— என்ன பேச்சையே காணோம்?

— ஒண்ணுமில்ல. நான் வாயத் திறக்கல.

— ஏழு மணிக்கு எர்ஜெனா வந்துடுவா. நாலரை மணி நேரம். அதுவரைக்கும் தாக்குப் பிடிக்க வழி இருக்கு. இந்த மிஷின் மூணு அடுப்புக்குச் சமம். வாயில ஒரு குழாய் மாட்டி ஜன்னல் வழியா அனலை வெளிய விட்டிருக்கேன். அதைக் கழட்டிட்டா அனல் நம்ம மேலயே அடிக்கும். தள்ளிக்குங்க.

— அட! அட அட அட! என்ன சூடு! ரெண்டு வருஷமா இந்தச் சனியனைத் திட்டினேன், இன்னிக்குத்தான் கொடுத்து வச்சிருக்கு. ஜன்னலையும் சாத்துங்க.

— முழுசாச் சாத்தக் கூடாது. விட்ட அனலையே அது திருப்பி இழுக்கும், சூடு தலைக்கேறி நின்னுடும். நாலு விரல் திறந்திருக்கணும்.

— முதுகு உறையுது, மூஞ்சி வேகுது. ஆவியில பாதி வெந்த பூஸ் கொழுக்கட்டை மாதிரி ஆயிட்டேன்.

— பாத்தீங்களா, இதைப் போய் எல்லாரும் வையறீங்க. எர்ஜெனா மட்டும்தான் புரிஞ்சுக்கிட்டா.

— அவ புரிஞ்சுக்கிட்டாளா?

— பின்ன? அவ போன்லயும் மிஷின் ஆப்பைப் போட்டுக் குடுத்திருக்கேன். ஓடினா பச்சைப் புள்ளி, நின்னா சிவப்பு. மருந்துக்கடையில வேலைக்கு நடுவுல ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பாப்பா. அவளுக்கும் இதுல ஆசைதான், வெளிய காட்டிக்க மாட்டா.

— பச்சையா இருந்தா வீடு இன்னும் எரியலன்னு அர்த்தம், அம்மான்னு எங்கிட்டச் சொன்னா. அதுக்குத்தான் பாப்பாளாம்.

— ...இப்படியா சொன்னா?

— நான் வாயத் திறக்கல. மாப்பிள்ளை, ஏதோ தீயற வாடை வருதே.

— எங்க?

— இதோ, கீழ. ரப்பர் தீயற மாதிரி.

— ஐயையோ, பிளக்கு! ஓவர்கிளாக்குக்கு இந்த ஒயர் தாங்கல. பாருங்க, பிளக்கு பக்கத்துல பிளாஸ்டிக் பழுப்பாகி உருகுது. மாத்தணும்னு எடுத்துக்கூட வச்சேன்...

— பாத்துக்கறேன்னு சொன்னீங்க.

— ஆமா.

— வேகத்தைக் குறைங்க!

— போன்லதான் குறைக்க முடியும். போன் உள்ள. ஒண்ணு இப்படியே விட்டு நெருப்புப் பிடிக்கணும், இல்ல பிளக்கைப் பிடுங்கணும். பிடுங்கினா சூடு போச்சு. திருப்பிப் போடவும் முடியாது, இந்தக் குளிர்ல ஒரு தடவை அணைஞ்சா உள்ள இருக்கற சிப்பெல்லாம் விறைச்சுப் போய் எழுந்திரிக்காது.

— அப்ப பிடுங்காதீங்க. கொஞ்சம் பொறுங்க, யோசிப்போம்.

— இல்ல அத்தை, இருங்க. இதுலதான் வழியே இருக்கு! அணைஞ்சா எர்ஜெனா போன்ல புள்ளி சிவப்பாகும். சைரன் மாதிரி அலறும், நான்தான் அப்படி வச்சேன். ரெண்டு நிமிஷத்துல எனக்குக் கூப்பிடுவா. எடுக்கலன்னா பயந்து ஓடி வருவா. டிராம்ல இருபதே நிமிஷம். முன்னாடியே தோணலையே எனக்கு!

— வேணாம், மாப்பிள்ளை.

— ஏன்?

— அவ... வேலையில இருப்பா. கவனிக்க மாட்டா.

— அவளா கவனிக்க மாட்டா? ஒரு தடவை மின்சாரம் அஞ்சு நிமிஷம் போனதுக்கே மருந்துச் சீட்டைக் கையிலயே வச்சுக்கிட்டு ஓடி வந்தா.

— அது போன வருஷம். நான் சொல்றதைக் கேளுங்க, பிடுங்காதீங்க.

— ரெண்டு வருஷமா 'பிடுங்கி எறி, பிடுங்கி எறி'ன்னு சொன்னது நீங்க. இன்னிக்கு நானே பிடுங்கறேன்னா தடுக்கறீங்க. அனல் அவ்வளவு பிடிச்சுப் போச்சா? தள்ளுங்க, நெருப்புப் பொறி வருது.

— மாப்பிள்ளை...

— பிடுங்கிட்டேன்.

— ஏன் மாப்பிள்ளை, கத்தறதை நிறுத்தியும் காதுக்குள்ள கத்திக்கிட்டே இருக்கே.

— கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். எனக்கும்தான். ...எவ்வளவு அமைதி. டிராம் மணி கூடக் கேக்குது, பாருங்க.

— ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் உங்க குரலையே கேக்கறேன். நல்ல மெதுவான குரல் உங்களுக்கு. மறந்தே போயிட்டேன். கல்யாணத்தன்னிக்கு இந்தக் குரல்லதான் 'உங்க பொண்ணைப் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க.

— குளிருதா அத்தை? இந்தப் பழைய திரைச்சீலையப் போத்திக்குங்க. பக்கத்துல வாங்க, வெக்கப்படாதீங்க.

— இந்த ஹந்தாக் கிழவிக்கு அறுபத்தெட்டு வயசு. வெக்கம் எல்லாம் எப்பவோ வித்தாச்சு. நீங்க பாதியை இழுத்துக்குங்க.

— காது குடுத்துக் கேளுங்க. சமையக்கட்டுல போன் அடிக்கும். இப்ப அடிக்கும்.

— ம்.

— ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

— ம்.

— கடையில கூட்டம் போல. குளிர் காலம், ஊரே இருமுது. ...இப்ப பாத்திருப்பா. கோட்டு மாட்டிக்கிட்டிருப்பா. அதான் கூப்பிடல, நேரா கிளம்பிட்டா.

— மாப்பிள்ளை, கை விரல் உணர்ச்சி இருக்கா?

— இருக்கு. கொஞ்சம். இப்ப டிராம் நிறுத்தத்துல நிப்பா. சந்தை தாண்டினா மூணே நிறுத்தம்தான். நீங்க தூங்காதீங்க, அத்தை. அத்தை! பேசிக்கிட்டே இருங்க.

— என்ன பேச? சொல்லுங்க, காலையில எர்ஜெனாவையும் பாப்பாவையும் பாத்தீங்களா?

— இல்ல. ஆலையில நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தேன், சமையக்கட்டுல மடக்குக் கட்டிலைப் போட்டுக் காதுல பஞ்சை வச்சுப் படுத்துட்டேன். அவ கடைக்கும் பாப்பா பள்ளிக்கும் கிளம்பினதே தெரியாது. நீங்க மணி அடிச்சதே எனக்குக் கேக்கல, சாவி போட்டுத்தானே வந்தீங்க?

— ஆமா. நீங்க எழுந்திரிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்.

— அரை மணி நேரம் ஆச்சு, அத்தை. மேலயே ஆச்சு. அவ வரல.

— ம்.

— அந்தப் பையை ஏன் அப்படி நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருக்கீங்க? குடுங்க, பூட்ஸுக்குள்ள கையை விட்டுக்குங்க, கம்பளி நல்லா...

— வேணாம். இருக்கட்டும்.

— குடுங்கங்கறேன். ...அத்தை.

— என்ன?

— பூட்ஸ் எடுக்கத்தானே வந்தீங்க? இதுல கோடைச் செருப்பு இருக்கே. பாப்பாவோட மஞ்சள் செருப்பு. வெளிய மைனஸ் முப்பத்தாறு. கோடைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. இந்தச் செருப்பு இப்ப எதுக்கு?

— கண்ணாடியப் பாத்துப் பேசாதீங்க, மாப்பிள்ளை. என்னைப் பாருங்க.

— பனி மூடியிருக்கு. துடைச்சுப் பாக்கறேன். ...கட்டில்ல தலையணையக் காணோம். போர்வையும் இல்ல. அந்த ரூமைத் தாண்டித்தானே வந்தேன்? போன்ல தட்டிவிட்ட வேகமே மனசுல ஓடிக்கிட்டிருந்தது. நம்பர் ஏறுமான்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். கண்ணுலயே படல, அத்தை. எனக்குக் கண்ணுலயே படல.

— உங்களைக் கண்டதும் சொல்லிடணும்னுதான் நினைச்சேன். அந்தக் கூச்சல்ல கத்திச் சொல்ற விஷயமா அது? சர்க்கரை டப்பாவுக்கு அடியில கடுதாசியா வச்சுட்டுப் போயிடலாம்னு பாத்தேன். கட்டையை எடுத்து வச்சேன் பாருங்க, காலியாப் போன வீட்டுக்கு நிலைப்படி என்ன வாழுது, பழக்கம் விடல.

— எங்க போனாங்க?

— சீத்தா நகரத்துக்கு. என் பெரிய பொண்ணு வீட்டுக்கு. காலை பத்தேகால் ரயில். நான்தான் ஏத்தி விட்டேன்.

— அப்ப அந்தச் சிவப்புப் புள்ளி...

— ரயில் நகரும்போதே அந்த ஆப்பைப் போன்லேருந்து அழிச்சுட்டா. என் கண்ணு முன்னாடிதான்.

— ஏழு மணிக்கு வருவாளேன்னு...

— ஸ்பேனரை எடுங்க, மாப்பிள்ளை. கண்ணாடிய உடைங்க. அந்தக் கட்டில்ல இனி குளிரைக் கண்டு பயப்படக் குழந்தை இல்ல.