கழற்றிய சிப்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். மின்சாமான் திருத்துகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவரின் மடியில், மின்னலையைத் திரையில் காட்டும் சின்ன ஒஸிலோஸ்கோப்.

“சிப்பக் கழட்டினாப் பொறகும் ஸ்கோப்புல அலை வருது மச்சான்.”

“என்ன சாமான்?”

“மாமாட மூச்சுக்கு வெச்சிருந்த ஒட்சிசன் மெசின். அவர் மௌத்தாகி அடக்கினதும் மாமி சதக்காவா, தருமமா எங்கட வாப்பாக்குக் குடுத்தா. போட்டா ஓடுது, உடனே நிக்கிது. பவர் சிப்தான் பிழையெண்டு கழட்டினன்.”

“பக்கத்து வயர்ல ஓடுற கரண்ட் இரைச்சல ஸ்கோப் பிடிச்சிருக்கும்.”

“அப்ப ஊருக்கே கரண்ட் இல்ல. ஸ்கோப் பற்றரியில ஓடினது.”

“அலை எப்பிடி?”

“மெதுவா ஏறுது, கொஞ்சம் நிக்கிது, இறங்குது. மாமா கடைசியா மூச்செடுத்த மாதிரி.”

சாய்ந்தமருது தாண்டும்போது மற்றவர் ஸ்கோப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப புதுச் சிப் வாங்கவா போறாய்?”

“ஓம். பழையது இந்தா.”

ஜன்னலோரத்தவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் காட்டினார். நகத்தளவு கறுப்புத் துண்டு.

“அதுவரைக்கும் வாப்பாக்கு?”

“அந்த மெசின்ட குழாய்தான் மூக்குல இரிக்கி. விடியத்தொட்டு நிக்காம ஓடுது.”