மெத்தைக்காரரின் யோக நித்திரை

— எழுநூறு ரூபாயா? மன நிம்மதி எழுநூறு ரூபாயா, சுநைனா? அந்த விலைக்கு நம்ம கடையில பஞ்சு மெத்தையே தர்றேன் புண்ணியவதி, உறையோட!

— யோகா வகுப்புல எழுநூறு ஒருத்தருக்கு, ஜூஹி அப்பா. நான் போய்க் கத்துக்கிட்டேன், வீட்டுல உங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். ஒரு கட்டணத்துல ரெண்டு பேர். மல்லாக்கப் படுங்க.

— அது நியாயமான பேரம். படுத்துட்டேன்.

— கை உடம்புல ஒட்டப்படாது. உள்ளங்கை மேல பார்க்கட்டும்.

— பிச்சை கேக்குற மாதிரி இருக்கு.

— கண்ணை மூடுங்க. முடிஞ்சுதுன்னு நான் சொல்ற வரைக்கும் அசையப்படாது. தூங்கவும்படாது.

— முங்கேர் பூரா மெத்தை விக்கிறவன், ஒரு வாரமா பொட்டுத் தூக்கமில்லாம கிடக்கேன். எனக்குத் தூங்கப்படாதுன்னு ஒரு பாடமா?

— இது யோக நித்திரை. உடம்பு தூங்கும், புத்தி முழிச்சிருக்கும்.

— நம்ம கடைக் கணக்குப்பிள்ளைக்கு நேர் எதிர்.

— பேச்சை நிறுத்துங்க. மனசுக்குள்ள ஒரு சங்கல்பம் எடுங்க. வெளியில சொல்லப்படாது.

— ஜூஹி இன்னிக்குச் சாயங்காலம் தன்பாத் வண்டியில ஏறக் கூடாது.

— வெளியில சொல்லப்படாதுன்னேன்!

— ஊருக்கே தெரிஞ்சதுதானே. ரயில்வேயில வேலை கிடைச்சுதாம், நாளைக் காலையில பயிற்சியில சேரணுமாம். என் பொண்ணு எஞ்சின் ஓட்டணுமா? போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வண்டியை விட்டா வேலை போச்சு. வேலை போனா என் தலைவலி போச்சு. அப்புறம் பாரு, எப்படித் தூங்குறேன்னு.

— சங்கல்பம் உங்களைப் பத்தி இருக்கணும், அவளைப் பத்தி இல்ல. கடவுளே! சரி விடுங்க. நான் சொல்ற இடத்துல மனசை வச்சுட்டு உடனே அடுத்த இடத்துக்குப் போயிடுங்க. வலது கைக் கட்டைவிரல்.

— ம்.

— ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். சுண்டு விரல். உள்ளங்கை. ஏன் கையை மூடினீங்க?

— கொசு.

— உள்ளங்கை. திறங்க.

— புண்ணியவதி, கத்த மாட்டேன்னு சொல்லு.

— நித்திரையில கத்தப்படாது. சொல்லுங்க.

— போன வாரம் பஞ்சு எடுக்க பாகல்பூர் போனேன்ல? பஞ்சு வியாபாரி கேதாரோட பையன் கையில சேகா வச்சு நிச்சயம் பண்ணிட்டேன். வெத்தலை, பாக்கு, மஞ்சள், வெள்ளிக் காசு. இந்தக் கையாலதான்.

— பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பொண்ணைக் கேக்காம, நிச்சயத்தை முடிச்சுட்டு வந்திருக்கீங்க.

— பஞ்சுக்காரன் வீட்டுச் சம்பந்தம், அவனே வாய் திறந்து கேக்குறான். யோசிச்சுச் சொல்றேன்னா அடுத்த கடைக்குப் போயிட மாட்டானா? சரக்கு படிஞ்சா நின்ன இடத்துலயே முடிச்சுடணும்.

— சரக்கா?

— பழக்கதோஷத்துல வந்துடுச்சு.

— மணிக்கட்டு.

— கோவமா இருக்கே.

— முழங்கை. தோள். அக்குள். இடுப்பு.

— நீ கத்தியிருந்தாக்கூடத் தேவலை. உறுப்பு உறுப்பாச் சொல்றது கசாப்புக் கடையில நிக்கிற மாதிரி இருக்கு.

— தொடை. முழங்கால். குதிகால். வலது பாதம்.

— மாடிப்படியில ஏதோ தடதடன்னு இறங்குதே?

— காதுல விழுந்தா விழட்டும். யாரு, என்னன்னு விசாரிக்கப்படாது. அதுதான் முறை.

— ஆட்டோ வந்து நிக்குது.

— நிக்கட்டும்.

— நம்ம வாசல்ல நிக்குது, சுநைனா.

— கண்ணைத் திறந்தீங்கன்னா மறுபடியும் கட்டைவிரல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.

— ஐயோ, வேண்டாம். திறக்கல... கிளம்பிடுச்சு.

— போன சத்தத்தைப் பிடிச்சு வச்சுக்காதீங்க. மூச்சை எண்ணுங்க. இருபத்தேழுலேர்ந்து கீழ.

— கழிவு ஏதும் உண்டா? இருபதுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?

— இருபத்தேழு!

— இருபத்தேழு... இருபத்தாறு... உங்கிட்ட சொன்னதும் நெஞ்சு லேசாயிடுச்சு, புண்ணியவதி... இருபத்து... இருப...

— தூங்கப்படாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்! ஜூஹி அப்பா? சரி, தூங்குங்க. இன்னிக்கு மட்டும்.

...

— ஜூஹி அப்பா. எந்திரிங்க.

— ஹா? எவ்வளவு நேரமாச்சு?

— ஒண்ணேகால் மணி நேரம். நீங்க விட்ட குறட்டையில ஜன்னலே அதிர்ந்துச்சு.

— அம்மாடி! எழுநூறு குடுக்கலாம் போலிருக்கே! ஜூஹியைக் கூப்பிடு, டீ போடட்டும். வண்டி போயிருக்கும். பாவம், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

— வண்டி போயிடுச்சு. 'ஏறிட்டேன்மா, ஜன்னலோரம் இடம்'னு செய்தி அனுப்பியிருக்கா.

— ஏறிட்டாளா? அப்போ அந்த ஆட்டோ... நீ... ஐயோ, கேதாருக்கு நான் என்ன பதில் சொல்றது?

— அதை நீங்கதான் போய்ச் சொல்லணும். அவர் சம்சாரம் காலையிலேயே போன் பண்ணி எனக்கு வாழ்த்துச் சொல்லியாச்சு. அதனாலதான் இன்னிக்கு உங்களைப் படுக்க வச்சேன்.

— எனக்குத் தெரியாமயா?

— எனக்குத் தெரியாம நீங்க வாக்குக் குடுத்தீங்க, உங்களுக்குத் தெரியாம நான் அனுப்பினேன். அந்தக் கணக்கு நேராயிடுச்சு. இடது பக்கம்தான் பாக்கி. படுங்க.