பொம்மைக்கு வந்த பயம்

டீயில் ஏடு படிவதற்குள் குடித்துவிட வேண்டும். ஆனால் நீங்கள் கேள்வி கேட்கும்போது குடித்தால் மரியாதையாக இருக்காது என்று தோன்றுகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் தொடாமல் இருக்கிறேன்.

மெர்சி பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருக்கிறாள். தொழிற்சாலையின் பாதுகாப்புப் படத்தில் வரும் பொம்மைப் பெண்ணுக்குத் தன் முகம் இருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்பது அவள் புகார். விபத்தில் கை போனபிறகு அவளைக் கேண்டீன் வேலைக்கு மாற்றினார்கள். அந்தப் படம் அங்கேதான் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவிடுகிறாளாம். நியாயமான புகார்தான். ஆனால் அந்த முகத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

நான் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களுக்கு வரைந்து தொடங்கியவள். கை ஓங்கும் படத்தையும் அடி விழும் படத்தையும் மூத்த ஓவியர்கள் வரைவார்கள். இடைப்பட்டவற்றை என்னைப் போன்றவர்கள் காகிதத்தில் நிரப்புவோம். பிறகு இடைப்பட்டதைக் கணினியே போட்டுக்கொண்டது. நான் சினிமாவுக்குப் போனேன். அந்தரத்தில் பறக்கும் நடிகர்களைக் கட்டிய கயிறுகளை அழிக்கும் வேலை. எவ்வளவு சுத்தமாக அழித்தாலும் கயிறு முகத்தில் மிச்சமிருக்கும். விழமாட்டோம் என்று தெரிந்த முகம் அது. இப்போது கணினிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பயந்த பெண் ஒருத்தி திரையில் வந்துவிடுகிறாள். அழகாகப் பயப்படுகிறாள். எனக்கு வேலை போயிற்று. சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்து, வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் படங்கள் செய்ய ஆரம்பித்தேன்.

முதல் படத்தில் நீலச் சட்டை போட்ட பொம்மை, தகடு அழுத்தும் பிரஸ்ஸில் கையை விட்டு அலறும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேண்டீனில் போட்டோம்.

"ரப்பர் கைதான, ஒட்டிக்கும் வுடு," என்றார் லைனில் வேலை செய்யும் கோதண்டம்.

"பல்லு வலி வந்தா மாரி கத்துது பாருண்ணா," என்றான் அவர் பக்கத்தில் இருந்த பையன்.

கேண்டீனே சிரித்தது. கடைசி பெஞ்சில் இருந்த எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டே ஒருநாள் கையை விடுவார்கள் என்று பயந்தேன். வேறெதற்கும் பயப்படவில்லை.

மெர்சி அப்போது லைனில் இருந்தாள். பொம்மைக்காகப் பயந்து நடித்துக் காட்டச் சம்மதித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சிக் கூடத்து பிரஸ்ஸில் எடுத்தோம். அதை ஓட்டும் பொத்தான் என்னிடம் இருந்தது. அழுத்திக்கொண்டிருக்கும்வரை இறங்கும், விரலை எடுத்தால் நிற்கும். அது போக, கை உள்ளே இருந்தால் சென்சாரும் நிறுத்திவிடும். ஒவ்வொரு முறையும் பிரஸ் பாதியில் நின்றது. ஒவ்வொரு முறையும் மெர்சி சிரித்தாள்.

"நிக்கும்னு தெரிஞ்சிகினு எப்பிடிக்கா பயப்படறது? வேணா ஒரு பல்லியப் புட்ச்சி மேல போடு, ஊரையே கூட்டறேன்."

அவள் சொன்னது சரி. சூப்பர்வைசர் திருமலை சென்சாரை அணைக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். திருப்பினேன்.

இந்த முறை நிற்கவில்லை என்று புரிய அவளுக்கு ஒரு கணம். கையை இழுக்க இன்னொரு கணம். எனக்கு வேண்டியது முதல் கணம்தான். அவள் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த முகம் கேமராவில் அவ்வளவு சரியாக இருந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாக எழுதுங்கள். சாவியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுத்தான் ஆள் கூப்பிட்டேன். சென்சார் கோளாறு என்று முடித்தார்கள். மருத்துவமனைக்கு ஆப்பிள் வாங்கிப் போனேன். மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அந்த முகத்தைப் பொம்மையின்மேல் பதித்தேன். நீலச் சட்டை, பெரிய தலை எல்லாம் அப்படியேதான். கண்ணும் வாயும் மட்டும் அவளுடையவை. இப்போது படம் ஓடினால் கேண்டீனில் யாரும் சிரிப்பதில்லை. கோதண்டம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோகிறார்.

மெர்சி நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொள்கிறாள். என்னைப் பார்க்காமலே சொல்கிறாள்:

"நீதானா? அதக்கூட அப்பால பேசிக்கலாம். போன கையக் கேக்கல. அந்த மூஞ்ச மட்டும் எடுத்துடு. அது ஓடுற ஒவ்வொரு தபாவும் எனக்குத் திரும்ப நடக்குது."

தொழிற்சாலைக்கு இப்போதே பேசிப் படத்தை நிறுத்தச் சொல் என்று போனை என் பக்கம் நகர்த்துகிறீர்கள். நான் அதை மெதுவாக உங்கள் பக்கமே நகர்த்தி வைக்கிறேன்.

வேண்டாம், மேடம். மெர்சிக்கு இன்று புரியாது. அந்த முகத்தை எடுத்துவிட்டால் அவள் கை போனது வீணாகிவிடும். அவள் நல்லதை நானாவது நினைக்க வேண்டும் அல்லவா.