ஒன்பதாவதுக்கு ஒரு மரம்

எண்பதுகளில் ஒருநாள், எருமப்பட்டி போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு தலைமையாசிரியரும் அவருக்குத் தெரிந்த விவசாயி ஒருவரும்.

“ஒம்பதாவதுக்கு ஒரு மரம் வேணுங்க” என்றார் தலைமையாசிரியர்.

“மரமுங்களா?”

“நம்ம பள்ளிக்கூடம் ஹைஸ்கூல் ஆயிருச்சல்லங்க. பசங்க ரெண்டு மடங்கு ஆயாச்சு, வாத்தியாருங்களும் வந்தாச்சு, கட்டடந்தான் வரல. ஏழாவது புளியமரத்தடியில, எட்டாவது அரசமரத்தடியில நடக்குது. ஒம்பதாவத உங்க காட்டோரத்து வேப்பமரத்தடியில உக்கார வெச்சுக்கறனுங்க.”

“அத முந்தாநாளு வெட்டிப்போட்டனுங்களே.”

“எதுக்குங்க?”

“பசங்க மண்ணுல உக்காந்து படிக்கறாங்கன்னு நீங்கதானுங்க கூட்டத்துல வருத்தப்பட்டீங்க. அதான் பெஞ்சு செய்யக் குடுத்துட்டனுங்க.”

“அந்த பெஞ்சுல எத்தன பேரு உக்காரலாமுங்க?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“ஒரு வகுப்பு தாராளமா உக்காருமுங்க.”