இடது ஸ்பீக்கர், ஒரு விரற்கடை

"இந்த ஸ்பீக்கரை யாராவது தொட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நாங்க எதுக்கு அதைத் தொடப்போறோம்? டீ போடட்டுமா?"

"அப்போ போன வாரம் நான்தான் தப்பா வெச்சிருக்கேன்."

"இருக்கும். நீயும் மனுஷிதானே."

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. மற்றபடி அந்தப் பேச்சில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஸ்பீக்கரைத் தொட்டது நான்தான்.

அவள் சினிமாப் படங்களுக்கு ஒலிக்கலவை செய்பவள். ஸ்டுடியோவில் அவளுக்குப் 'பாம்புச் செவி' என்று பட்டப்பெயர். நான் மெய்ப்புத் திருத்துபவன். அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பது என் பிழைப்பு. வீட்டில் இருந்தபடியே பார்க்கிறேன். மூன்றாவது ஆள் அவளுடைய அப்பா, என் மாமா. முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, மூன்று வருடத்துக்கு முன் எங்களோடு வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்றது அவர். அவருடைய குரல் இன்னும் பணியில்தான் இருக்கிறது.

"கவனிக்கவும். மாப்பிள்ளை குளிக்கச் செல்கிறார். சமையலறைக் குழாயில் தண்ணீர் தாமதமாக வரும்."

குளித்துவிட்டு வந்தால் வருகை அறிவிப்பு. நான் ஒரு பத்தியைத் தாண்டுவதற்குள் தபால்காரர், பக்கத்து வீட்டுப் பூனை, குக்கரின் மூன்றாவது விசில் எல்லாம் நடைமேடைக்கு வந்து போய்விடும்.

எங்கள் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்களும் மூலையில் ஒரு வூஃபர் பெட்டியும் இருக்கின்றன. மனைவியின் ஆசை அது. அளவு எடுக்கும் நாளில், சோபாவில் காது உயரத்துக்கு ஒரு மைக்கை நிறுத்துவாள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் முறை வைத்து 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். எல்லாம் மைக்குக்கு ஒரே அளவில் வந்து சேரும்வரை கூட்டுவாள், குறைப்பாள், நகர்த்துவாள். கடைசி நகர்த்தலை மட்டும் காதால் கேட்டுச் செய்வாள். அந்த நாற்பது நிமிடம் மின்விசிறி ஓடாது, ஃபிரிட்ஜ் ஓடாது.

"அப்பா, மூச்!" என்பாள்.

மாமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெற்ற மகள் சொல்லலாம்.

அவள் முதல் தடவை அளவு எடுத்த அன்று, பக்கத்து அறையில் பதினொரு பக்கம் முடித்தேன். அந்த இரைச்சல் மழை மாதிரி இருந்தது. ஒரு காற்புள்ளிகூட என்னிடம் தப்பவில்லை.

மாமாவிடமே நேராகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பெண்ணைக் கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்து, பேசாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒருவர் மனம் நோக நடந்து எனக்குப் பழக்கமில்லை. ஸ்பீக்கருக்கு மனம் கிடையாது. எனவே வெள்ளிக்கிழமைதோறும், மாமா மாடியில் துணி காயப்போடும் நேரத்தில், இடது பின் ஸ்பீக்கரை ஒரு விரற்கடை திருப்பினேன். சனிக்கிழமை அவள் படம் போட்டுப் பத்து நிமிடத்தில் முகம் சுளிப்பாள். மைக் வெளியே வரும். எனக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும்.

இரண்டு மாதம் கழித்து அவள் ஸ்பீக்கர்களின் காலடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தாள். நல்ல யோசனைதான். அடுத்த வெள்ளி டேப்பை நகத்தால் மெல்ல உரித்து, ஸ்பீக்கரோடு சேர்த்து நகர்த்தி, மடிப்பு விழாமல் ஒட்டினேன். பிழை திருத்துகிறவனுக்குப் பொறுமை அதிகம்.

"டேப் இருந்த இடத்துலயே இருக்கு," என்றாள் சனிக்கிழமை, தரையில் உட்கார்ந்து. "மைக்கும் பொய் சொல்லாது. அப்போ போன வாரம் தப்பாக் கேட்டது என் காதுதான்."

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். நல்ல கணவன் செய்வதை எல்லாம் செய்தேன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்ததுகூட நான்தான்.

பிறகு அவள் ஸ்டுடியோவில் உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது உனக்குச் சரியாக் கேக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு பெரிய படத்தை வேண்டாம் என்றாள். நீண்ட விடுப்பு எடுத்தாள். வீட்டில் இருந்ததால் தினமும் அளவு எடுத்தாள். அந்த மாதம் நான் ஓர் அகராதியையே முடித்தேன். அவள் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். அதிலிருந்த இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

போன வியாழன், கடிதத்தைக் கொடுக்கப் போகும் வழியில், கடைசி முயற்சியாக, மாமாவையும் கூட்டிக்கொண்டு, காது டாக்டரிடம் போனோம். அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சின்னச் சின்னச் சத்தமாகப் போட்டுப் பார்த்தார்கள்.

"இந்தக் காதை வெச்சுக்கிட்டு ஏம்மா இங்க வந்தீங்க?" என்றார் டாக்டர். "எறும்பு இருமினாக்கூட உங்களுக்குக் கேக்கும். ஒரு குறையும் இல்ல."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது. வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ காதுல இல்லங்க. எனக்குப் புத்திதான் பிசகிப்போச்சு."

நான் கல்நெஞ்சன் இல்லை. அப்போதே சொல்லிவிட முடிவு செய்தேன். ஆனால் வரவேற்பறையில் மாமா பணியில் இருந்தார்.

"டோக்கன் எண் பதினான்கு, இரண்டாம் அறைக்கு வந்து சேரவும்."

பதினான்காம் எண்காரர் பணிவாக எழுந்து போனார். அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. நான் இதைக் குடுத்துட்டு வந்துடறேன்."

"ஒரு நிமிஷம்," என்றேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கவனிக்கவும்," என்றார் மாமா. "மாப்பிள்ளை ஒன்று சொல்லப்போகிறார்."

மூன்று வருடமாக நாக்கின் நுனியில் வைத்திருந்தது, தானாகவே வந்து விழுந்தது.

"மாமா, தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமாவின் முகத்தில் வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது நிம்மதி.

"இருக்கலாமா? மொதல்லயே சொல்றதுக்கு என்ன மாப்பிள்ளை? 'அவர் நாள் பூரா தனியா இருக்கார், பேச்சுத்துணையா இருங்கப்பா'ன்னு இவதான் சொன்னா. மூணு வருஷமா எனக்குத் தொண்டை வலி."

சொல்லிவிட்டு, அளவு எடுக்கும் நாள் பழக்கத்தில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கடிதத்தை நான்காகக் கிழித்துப் பையில் போட்டாள்.

டாக்டர் சொன்னது சரிதான். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது.